வெளியில வச்ச ஸ்பீக்கருக்கு சிக்னல் பத்தலையா? சுவரைத் தாண்டுற வேலைய வயர்கிட்ட குடுங்க

நீங்க கேட்டத முதல்ல சுருக்கமா சொல்லிடுறேன், படிக்குறவங்களுக்கும் புரியணும்ல. திருச்சி பக்கம் தனி வீடு, கீழ ஒரு தளம் மேல ஒரு தளம், ரவுட்டர் கீழ ஹால்ல டிவி ஷோகேஸுக்குள்ள இருக்கு. வைஃபை ஸ்பீக்கர் ரெண்டு வாங்கிருக்கீங்க. ஒண்ணு மொட்டை மாடில படிக்கட்டு ரூம் சுவத்துல, தகர ஷீட்டுக்குக் கீழ, அப்பா காலைல நடக்கும்போது நாதஸ்வரம் கேக்குறதுக்கு. இன்னொண்ணு கொல்லைல, கிச்சன் பின்வாசல் சன்ஷேடுக்குக் கீழ, அம்மாவுக்கு. ரெண்டுமே விட்டு விட்டுப் பாடுது. கடைல சொன்னாங்கனு ஒரு எக்ஸ்டெண்டர் (ரவுட்டர் சிக்னல வாங்கி திருப்பி விடுற பெட்டி) வாங்கி மாடில ஸ்பீக்கர் பக்கத்துல இருக்குற பிளக்லயே சொருகிருக்கீங்க, சிக்னல் ஃபுல்லா காட்டுது ஆனா பாட்டு அப்பவும் நிக்குது. இதவிட பவரான எக்ஸ்டெண்டர் எதுனு கேக்குறீங்க.

இப்போதைக்கு எதுவுமே வாங்காதீங்க ப்ரோ. உங்க எக்ஸ்டெண்டர் நல்லாத்தான் இருக்கு, வச்ச இடம்தான் தப்பு. ஸ்பீக்கருக்கும் எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல ரெண்டடிதான், அதனால ஸ்பீக்கர்ல ஃபுல் சிக்னல் காட்டுது. ஆனா அந்த எக்ஸ்டெண்டருக்கு கீழ ரவுட்டர்ல இருந்து என்ன வந்து சேருது? ரெண்டு கான்க்ரீட் தளத்த தாண்டி வந்த மிச்சம் மீதிதான். சட்டியில இருந்தாத்தான அகப்பையில வரும். எக்ஸ்டெண்டர் வெறும் அகப்பை, அதுவா எதையும் உண்டாக்காது.

நான் 15 வருஷமா வீடுகளுக்கு கேமரா, நெட்வொர்க், ஸ்பீக்கர் லைன் இழுக்குற வேலைல இருக்கேன். வெளிய வைக்குற ஸ்பீக்கர் பிரச்சனைனு கூப்பிடுற வீட்டுல பாதிக்கு மேல நான் புதுசா எதையும் விக்காமதான் சரி பண்ணிட்டு வந்திருக்கேன். அத்தன வீட்டுலயும் நான் பாத்தது ஒண்ணுதான்: வைஃபை திறந்த வெளில அழகா போகும், சுவத்துலதான் சாகும். அதனால முடிஞ்ச வரைக்கும் சுவரைத் தாண்டுற வேலைய வயர்கிட்ட குடுத்துட்டு, வெளிய வந்தப்புறம் காத்துல விடுங்க. கீழ எழுதிருக்குறது பூரா இத ஒட்டித்தான்.

கொஞ்சம் கணக்கு சொல்றேன், பயப்படாதீங்க, இது தெரிஞ்சா கடைக்காரர் சொல்றத நீங்களே எடை போட்டுக்கலாம். சிக்னல டிபிஎம்னு ஒரு கணக்குல அளக்குறாங்க, மைனஸ்ல வரும். -50னா அருமை. -67 வரைக்கும் பாட்டு நிக்காம ஓடும். -70க்குக் கீழ போனா தகராறு ஆரம்பிக்கும், -80னா கனெக்ட் ஆனமாதிரி காட்டும் ஆனா ஒண்ணும் நடக்காது. இதுல 3 குறைஞ்சா சக்தி பாதியாச்சுனு அர்த்தம், 10 குறைஞ்சா பத்துல ஒரு பங்குதான் மிச்சம். திறந்த வெளில தூரம் ரெண்டு மடங்கானா 6 குறையும், அவ்வளவுதான். 5 மீட்டர்ல இருந்து 10 மீட்டருக்குப் போனா 6. ஆனா நம்ம ஊரு 9 இஞ்ச் செங்கல் சுவரு, ரெண்டு பக்கமும் சிமெண்ட் பூச்சோட, நான் அளந்த வரைக்கும் ஒரு சுவத்துக்கே 8ல இருந்து 12 வரைக்கும் திங்குது. கம்பி கட்டுன ஆர்சிசி தளம்னா 15, 20னு போகும். உங்க வீட்டுல அந்த மாதிரி ரெண்டு தளம். தூரம் பாத்தா கீழ இருந்து மாடிக்கு 7 மீட்டர்கூட இருக்காது, ஆனா சிக்னலுக்கு அது தெருமுனை வரைக்கும் போறதவிட கஷ்டமான பாதை.

இன்னொண்ணு பலபேரு கவனிக்குறதில்ல, சுவரை நேரா தாண்டுறதும் சாய்வா தாண்டுறதும் ஒண்ணு இல்ல. 9 இஞ்ச் சுவத்த ஒட்டுனமாதிரி 30 டிகிரி சாய்வுல சிக்னல் போனா அதுக்கு அது 18 இஞ்ச் சுவரு. உங்க கொல்லை ஸ்பீக்கருக்கு இதான் நடக்குதுனு நினைக்குறேன், ஹால் மூலைல இருந்து பூஜை ரூம், கிச்சன்னு குறுக்கால வெட்டிக்கிட்டு போகுது. போற வழில ஃபிரிட்ஜ் வேற நிக்கும், பீரோ வேற நிக்கும். இரும்பு சாமான் எதுவும் சிக்னல உள்ள விடாது, திருப்பி அடிச்சுடும்.

தண்ணியும் அப்படித்தான், அது விழுங்கிடும். இதுக்கு ஒரு வீட்டுக் கதை சொல்றேன். ஒரு பெரியவர் வீட்டுல மொட்டை மாடி ஸ்பீக்கர் காலைல மட்டும் பாடாது, சாயங்காலம் பாடும். அவரு ஸ்பீக்கர ரெண்டு தடவ மாத்தி வாங்கியாச்சு. நான் போனது ஒரு மத்தியானம், எல்லாம் நல்லா ஓடுது, எனக்கு ஒண்ணும் பிடிபடல. மறுநாள் காலைல 6 மணிக்கே போனேன். ஃபோன்ல சிக்னல் ஆப் திறந்து ஸ்பீக்கர் இருந்த கட்டை மேல வச்சுட்டு உக்காந்திருந்தேன், -64 காட்டிச்சு, பாட்டு ஓடுது. அந்த வீட்டம்மா கீழ மோட்டார் போட்டாங்க. பக்கத்துல 1000 லிட்டர் கருப்பு டேங்க், அதுல தண்ணி விழுற சத்தம் கேக்குது, ஏற ஏற ஃபோன்ல நம்பர் இறங்குது, -68, -71, டேங்க் நிறைஞ்சு வழியுறப்ப -78. பாட்டு நின்னு போச்சு. முதல் மாடி ஜன்னல்ல இருந்து ஸ்பீக்கருக்கு வர நேர்கோட்டுல அந்த டேங்க் நின்னுட்டிருந்துச்சு, காலி பிளாஸ்டிக் டேங்க் சிக்னலுக்கு ஒண்ணுமே இல்ல, தண்ணி நிறைஞ்சா அது ஒரு சுவரு. ஸ்பீக்கர நாலடி தள்ளி வச்சோம், முடிஞ்சுது. அந்தப் பெரியவர் ரெண்டு ஸ்பீக்கர் காசு வீணா போச்சேன்னு வருத்தப்பட்டது எனக்கு இன்னமும் மனசுல இருக்கு, அதனாலதான் முதல்ல அளங்கனு எல்லார்கிட்டயும் சொல்றேன்.

அளக்குறதுக்கு பெரிய மெஷின் எதுவும் வேணாம். ஆண்ட்ராய்டு ஃபோன்ல வைஃபை அனலைசர்னு தேடினா இலவச ஆப் நிறைய இருக்கு, நம்பர் காட்டுறதா பாத்து எடுங்க, வெறும் கோடு காட்டுறது ஆகாது. எக்ஸ்டெண்டர பிளக்ல இருந்து கழட்டிடுங்க, இல்லனா எதோட சிக்னல பாக்குறோம்னே தெரியாது. ஃபோன ஸ்பீக்கர் இருக்குற அதே இடத்துல வச்சுட்டு கைய எடுத்துட்டு தள்ளி நின்னு பாருங்க. நம்ம உடம்பும் பெரும்பாலும் தண்ணிதான, குறுக்க நின்னாலே நம்பர் இறங்கும். சாக்பீஸ் எடுத்துக்கிட்டு மாடி பூரா நாலஞ்சு இடத்துல தரையிலயே நம்பர எழுதிடுங்க, நான் அப்படித்தான் செய்வேன், எழுதி முடிச்சு நிமிந்து பாத்தாலே சிக்னல் எந்த வழியா மேல வருதுனு தெரிஞ்சுடும். முக்காவாசி வீட்டுல அது தளத்த தாண்டி வரல, படிக்கட்டு வழியா ஏறி வருது. படிக்கட்டு கதவு இரும்பா இருந்து சாத்திருந்தா அதுவும் போச்சு. அப்புறம் நீங்க பாட்டு கேக்குற நேரத்துலயே அளங்க, ராத்திரி 8 மணிக்கு அக்கம்பக்கம் எல்லாரும் நெட் போடுறப்ப நிலைமை வேற, விடியக்காலைல வேற.

இந்த இடத்துல ஒண்ணு கேட்டுக்குறேன், உங்க ஸ்பீக்கர் நிஜமாவே வைஃபைல ஓடுதா, புளூடூத்ல ஓடுதா? சில ஸ்பீக்கர்ல ரெண்டும் இருக்கு, அவசரத்துல புளூடூத்ல சேத்துட்டு வைஃபைனு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. பாட்டு ஓடும்போது ஃபோன எடுத்துட்டு தெருமுனை வரைக்கும் நடங்க, பாட்டு நின்னா பெரும்பாலும் புளூடூத். ஓடிக்கிட்டே இருந்தா ஸ்பீக்கரே நேரா நெட்டுல இருந்து எடுத்துக்குது, ஃபோன் வெறும் ரிமோட்டுதான். ஐஃபோன்ல இருந்து ஸ்பீக்கருக்குப் பாட்டு அனுப்புற ஏர்பிளே போட்டா மட்டும் கணக்கு வேற, பொதுவா ஃபோன் வழியாத்தான் பாட்டு போகும், அதனால வைஃபைலயும் ஃபோன் வெளிய போனா நிக்கும். இது தெரியாம ரவுட்டர மாத்தி புளூடூத் பிரச்சனைய சரி பண்ணப் பாக்குறவங்க நிறைய.

சரி, உங்களது வைஃபைனே வச்சுக்குவோம். முதல் வேலை ரவுட்டர ஷோகேஸுக்குள்ள இருந்து வெளிய எடுக்குறது. டிவி பின்னாடி பூரா உலோகத் தகடு, அதுக்குப் பின்னாடி ரவுட்டர வச்சா பாதி வீட்டுக்கு அப்பவே முதுகு காட்டியாச்சு. ஃபைபர் போட வந்தவங்க கேபிள் நுழையுற மூலைலயே பெட்டிய மாட்டிட்டுப் போயிடுறாங்க, அவங்களுக்கு அது சுலபம். ஆளு உயரத்துக்கு மேல, படிக்கட்டப் பாத்தமாதிரி ஒரு இடத்துல வைங்க. ஃபைபர நகத்த முடியலனா அந்தப் பெட்டி இருந்த இடத்துலயே இருக்கட்டும், அதுல இருந்து லேன் கேபிள் இழுத்து தனி ரவுட்டர் ஒண்ணு நல்ல இடத்துல வச்சுக்கலாம். ரவுட்டர்ல யூஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க் சொருகி வச்சிருந்தா கழட்டிப் பாருங்க, யூஎஸ்பி 3 ஓடும்போது வைஃபை ஓடுற 2.4 ஜிகா ஹெர்ட்ஸ் அலைவரிசைல இரைச்சல் கிளப்பும். மைக்ரோவேவ் அவனும் அதே 2.45ல தான் ஓடுது, பால் சுட வைக்குற ரெண்டு நிமிஷம் மட்டும் பாட்டு நின்னா காரணம் அதான்.

ஆன்டெனாவ எல்லாரும் கோயில் கொடிமரம் மாதிரி நேரா நிமித்தி வைப்பாங்க. குச்சி ஆன்டெனால இருந்து சிக்னல் எப்படி பரவுதுன்னா, ஒரு குச்சில மெதுவடைய சொருகுன மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க. குச்சிதான் ஆன்டெனா, வடைதான் சிக்னல். பக்கவாட்டுல நல்லா போகும், குச்சியோட நுனிக்கு நேர் மேல ஒண்ணுமே இருக்காது. உங்க ஸ்பீக்கர் ரவுட்டருக்கு ஏறக்குறைய நேர் மேல ரெண்டு மாடி தள்ளி இருக்கு, அதாவது வடையோட ஓட்டைல. ஒரு ஆன்டெனாவ நேரா விட்டுட்டு இன்னொண்ண படுக்கப் போடுங்க, படுத்த ஆன்டெனாவோட பக்கவாட்டு மேல பாக்கும். இதுக்கு பைசா செலவில்ல, சில வீட்டுல இதுலயே 5, 6 ஏறுனத பாத்திருக்கேன். ஆன்டெனா உள்ளயே இருக்குற மாடல்னா பெட்டியவே பக்கவாட்டுல திருப்பி வச்சு அளந்து பாருங்க.

அடுத்தது சேனல், அதாவது அந்த 2.4 அலைவரிசைக்குள்ள பிரிச்சு வச்சிருக்குற பாதை. 2.4ல ஒண்ணுக்கொண்ணு மோதாம இருக்குறது 1, 6, 11 இந்த மூணுதான். அதே அனலைசர் ஆப்ல பக்கத்து வீடுங்க எதுல இருக்காங்கனு பாத்துட்டு ஆள் கம்மியா இருக்குறத எடுங்க, 3, 4, 8னு நடுவுல வைக்காதீங்க, ரெண்டு பக்கமும் இடி வாங்கும். சேனல் அகலம் 20 மெகா ஹெர்ட்ஸ்ல வைங்க. நிறைய ரவுட்டர்ல 40 இல்லனா ஆட்டோனு இருக்கும், 2.4ல இருக்குறதே மொத்தம் 83 மெகா ஹெர்ட்ஸ், அதுல 40 எடுத்தா பாதி ரோட்ட நாமளே அடைச்சுக்கிட்டு எல்லாரோடயும் மோதுறோம். ஸ்பீக்கருக்கு அந்த வேகம் தேவையே இல்ல.

வேகம்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடைல 1200, 3000னு நம்பர் காட்டி விப்பாங்க. சிடி தரத்துல பாட்டு ஓடுறதுக்கே விநாடிக்கு 1.4 மெகாபிட்தான் வேணும், நாம சாதாரணமா கேக்குறது 320 கிலோபிட் தான். எக்ஸ்டெண்டர் போட்டா வேகம் பாதியாகும்னு பயமுறுத்துவாங்க, ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டர்ல அது உண்மைதான், ஆனா பாட்டுக்கு அது ஒரு விஷயமே இல்ல. பாட்டுக்கு வேண்டியது விட்டுப் போகாம வந்துகிட்டே இருக்கணும், அவ்வளவுதான். அதே காரணத்துக்குத்தான் 5 ஜிகா ஹெர்ட்ஸ் நல்லதுனு குதிக்க வேணாம்னு சொல்றேன், அது வேகம் ஜாஸ்தி, ஆனா சுவத்துல இன்னும் சீக்கிரம் சாகும். வெளி ஸ்பீக்கருக்கு 2.4தான் சரி, பல ஸ்பீக்கர் 2.4 மட்டும்தான் எடுக்கும். ரவுட்டர்ல ரெண்டுக்கும் ஒரே பேரு வச்சிருந்தா 2.4க்குத் தனிப் பேரு குடுத்து ஸ்பீக்கர அதுல சேருங்க, ஸ்பீக்கர் அங்கயும் இங்கயும் தாவிக்கிட்டு இருக்குறது நிக்கும்.

இப்ப எக்ஸ்டெண்டருக்கு வரேன். அது இருக்க வேண்டிய இடம் சிக்னல் செத்துப் போன இடம் இல்ல, இன்னும் உயிரோட இருக்குற கடைசி இடம். படிக்கட்டு வழியா ஃபோன வச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறுங்க, -60ஐ தாண்டி இறங்க ஆரம்பிக்குற இடம் எதுவோ அதுக்கு ஒரு படி முன்னாடி நிறுத்துங்க. உங்க வீட்டுல அது முதல் மாடி லேண்டிங்கா இருக்கும்னு தோணுது. அங்க பிளக் பாயிண்ட் இல்லனா போட்டுக்கோங்க, எலக்ட்ரீஷியனுக்கு அரை நாள் வேலைகூட இல்ல. அங்க இருந்து படிக்கட்டு கதவு வழியா மாடிக்கு ஒரே ஒரு தடைதான். ஒரு எச்சரிக்கை, எக்ஸ்டெண்டர் தனிப் பேருல நெட்வொர்க் போட்டாலும் பரவால்ல, ஆனா சில எக்ஸ்டெண்டர் தனி ரவுட்டர் மாதிரி வேற ஐபி (நெட்வொர்க் முகவரி) குடுக்கும், அப்ப ஃபோன் ஒரு நெட்வொர்க்லயும் ஸ்பீக்கர் இன்னொண்ணுலயும் இருக்கும், ஒண்ண ஒண்ணு கண்ணுலயே பாக்காது. விருந்தாளிங்களுக்குனு ரவுட்டர்ல தனியா விடுற கெஸ்ட் நெட்வொர்க்ல ஸ்பீக்கர சேத்தாலும் இதே கதைதான். சிக்னல் ஃபுல்லு, ஆனா ஆப்ல ஸ்பீக்கரே காட்டலன்னா இத பாருங்க.

இவ்வளவும் செஞ்சு -67க்கு மேல வந்துடுச்சுன்னா இதோட நிறுத்திக்கோங்க. வரலன்னா கேபிள். நான் என் வீட்டுக்கு செய்யுறதா இருந்தா நேரா கேபிளுக்குத்தான் போவேன், ஏன்னா ஒரு தடவ இழுத்துட்டா 10 வருஷத்துக்கு அந்தப் பேச்சே இருக்காது. ரவுட்டர்ல இருந்து கேட் 6னு சொல்ற லேன் கேபிள் ஒண்ணு, மாடிக்கு இழுத்து, அங்க மழை வெயில் தாங்குற அவுட்டோர் ஆக்சஸ் பாயிண்ட் (கேபிள்ல வர நெட்ட வைஃபையா விடுற பெட்டி) ஒண்ணு, ஐபி 65 இல்ல அதுக்கு மேல இருக்குறதா பாத்து, இந்த ஐபி தூசி தண்ணி உள்ள போகாத தரத்துக்கான நம்பர். 100 மீட்டர் வரைக்கும் கேபிள்ல நெட் ஒழுங்கா போகும், உங்க வீட்டுக்கு 25 மீட்டர் போதும். அதே கேபிள்லயே கரண்ட்டும் அனுப்பலாம், பிஓஇனு சொல்லுவாங்க, மாடில பிளக் பாயிண்ட் தேவையே இல்ல. இதுல 48 வோல்ட் முறை ஒண்ணு இருக்கு, 24 வோல்ட் முறை ஒண்ணு இருக்கு, ஆக்சஸ் பாயிண்ட் கூட வந்த அடாப்டரையே போடுங்க, மாத்திப் போட்டா கருகிடலாம்.

கேபிள் வாங்கும்போது ஏமாறாதீங்க. செம்புனு சொல்லி அலுமினியத்துல செம்பு முலாம் பூசினத விக்குறாங்க, கரண்ட் போற வேலைக்கு அது ஆகவே ஆகாது. கடைலயே நுனிய உரிச்சு ஒரு கம்பிய பிளேடால சுரண்டிப் பாருங்க, உள்ள வெள்ளையா பளபளத்தா அலுமினியம், சுரண்ட சுரண்ட செவப்பாவே இருந்தா செம்பு. வெளிய போறதுக்கு கருப்பு உறை போட்ட அவுட்டோர் கேபிள்னு கேட்டு வாங்குங்க, வீட்டுக்குள்ள போடுற சாம்பல் கலர் கேபிள் நம்ம வெயில்ல ரெண்டு மூணு வருஷத்துல வெடிச்சு உதிந்துடும்.

சுவத்துல ஓட்டை போடும்போது உள்ள இருந்து வெளிய கொஞ்சம் கீழ சாய்ச்சு டிரில் பண்ணுங்க, நேரா போட்டா மழைத்தண்ணி கேபிள் வழியாவே வீட்டுக்குள்ள வரும். வெளிப்பக்கம் கேபிள் ஓட்டைல நுழையுறதுக்கு முன்னாடி ஒரு முழம் கீழ தொங்கிட்டு அப்புறம் மேல ஏறி நுழையுற மாதிரி விடுங்க, தண்ணி அந்த வளைவோட அடிலயே சொட்டிடும். மேல சிலிகான் வச்சு அடைச்சுடுங்க. ஒரு வீட்டுல வேற யாரோ இத செய்யாம விட்டுட்டுப் போயி ஐப்பசி மழைல பூஜை ரூம் சுவரு பூரா ஊறிப் போயிருந்துச்சு, அந்த வீட்டம்மா முகத்த பாக்கவே கஷ்டமா இருந்துச்சு. கரண்ட் வயர் போற பைப்ல இத சேத்து விடாதீங்க, தனி பைப்பா போகட்டும். ஆக்சஸ் பாயிண்ட்ட டேங்க் மேலயோ கம்பம் நட்டு உச்சிலயோ வைக்காதீங்க, இடி மின்னலுக்கு அழைப்பு வச்ச மாதிரி. படிக்கட்டு ரூம் சுவத்துல ஆளு உயரத்துக்குக் கொஞ்சம் மேல போதும், கோடை மழைல இடி வர மாதிரி இருந்தா முன்னாடியே கீழ ரவுட்டர்ல இருந்து அந்தக் கேபிள கழட்டிடுங்க.

கரண்ட் லைன் வழியாவே நெட் அனுப்புற பவர்லைன் அடாப்டர் பத்தி கேப்பீங்க. நம்ம ஊரு வீட்டுல திரீ ஃபேஸ் இருக்கும், இன்வெர்ட்டர் இருக்கும், ஹால் ஒரு ஃபேஸ்ல மாடி இன்னொரு ஃபேஸ்ல இருந்தா ஒழுங்கா வேலை செய்யாது. நான் சொல்ல மாட்டேன். கடைல சிக்னல் பூஸ்டர்னு கேட்டா சில இடத்துல மொபைல் டவர் சிக்னலுக்கு உள்ள பூஸ்டர எடுத்து நீட்டுவாங்க, அதுக்கும் வைஃபைக்கும் சம்பந்தமே கிடையாது, அனுமதி இல்லாம அத மாட்டுறது சட்டப்படி குத்தம்.

ஸ்பீக்கர் இருக்குற இடத்தையும் பாக்கணும். தகர ஷீட்ட ஒட்டி மாட்டிருந்தா ஒரு அடியாவது கீழ இறக்குங்க. குரங்குத் தொல்லைனு சில பேரு கம்பி வலைல கூண்டு செஞ்சு உள்ள வைப்பாங்க, 2.4 சிக்னலோட அலை நீளம் 12 சென்டிமீட்டர் சொச்சம், அரை இஞ்ச் கண்ணு வச்ச வலைக்குள்ள அது எப்படி நுழையும்? கூண்டு வேணும்னா பெரிய இடைவெளில கம்பி வச்சு செய்ங்க, இல்ல மூங்கில், மரச் சட்டம். இன்னொண்ணு, சிக்னல் நேரா வரதும் சுவத்துல பட்டு திரும்பி வரதும் சில இடத்துல ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும், அந்தக் குழில ஸ்பீக்கர் மாட்டிக்கிட்டா என்ன செஞ்சாலும் வராது. ஒரு சாண் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகத்தினாலே சரியாகும், அதனால ஆணி அடிக்குறதுக்கு முன்னாடி கைல பிடிச்சு வச்சு ஒரு பாட்டு முழுசா ஓட விட்டுப் பாருங்க. மழை பெஞ்சா சிக்னல் போகும்னு சொல்றாங்க, இந்த தூரத்துக்கு மழைத்துளி ஒண்ணும் பண்ணாது, ஆனா கொல்லைல வாழையோ மாமரமோ குறுக்க இருந்து இலை பூரா ஈரமாயிட்டா கண்டிப்பா குறையும்.

கொல்லை ஸ்பீக்கருக்கு நான் வேற வழி சொல்றேன். அது எப்பவும் ஒரே இடத்துலதான் இருக்கப் போகுது, கிச்சன் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான. அதுக்கு எதுக்கு வயர்லெஸ்? கிச்சனுக்குள்ள சின்ன ஆம்ப்ளிஃபையர் ஒண்ணு, வைஃபையோ புளூடூத்தோ அதுல வரட்டும், அங்க இருந்து சுவத்துல ஓட்டை போட்டு 1.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர்ல வெளிய சாதா அவுட்டோர் ஸ்பீக்கர். 20 மீட்டர் இழுத்தாக்கூட போக வர சேத்து வயரோட ரெசிஸ்டன்ஸ் அரை ஓம்தான் வரும், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது காதுல தெரியாது. நம்ம கோயில் திருவிழால மைக்செட்காரர் தேரடில ஆம்ப்ளிஃபையர வச்சுட்டு நாலு வீதிக்கும் புனல் ஸ்பீக்கர் கட்டுறாரே, அவ்வளவு தூரம் எப்படிப் போகுது? வயர்லதான், 100 வோல்ட் லைன்ல டிரான்ஸ்ஃபார்மர் வச்சு அனுப்புறாங்க. தோட்டம் பெருசு, ஆறு எட்டு ஸ்பீக்கர் வேணும்னா அதே முறைதான் இன்னிக்கும் நம்பகமானது. உங்க ஸ்பீக்கர் புதுசு, அத தூக்கிப் போடச் சொல்லல. அத வீட்டுக்குள்ள வச்சுக்கலாம்.

புளூடூத்துனு தெரிய வந்தா சில விஷயம். சாதாரண ஃபோன், ஸ்பீக்கருக்கு 10 மீட்டர்னு போட்டிருப்பாங்க, அது குறுக்க எதுவும் இல்லாதப்ப. ஃபோன பேண்ட் பின் பாக்கெட்ல வச்சுக்கிட்டு அப்பா நடக்குறாருன்னா ஒவ்வொரு திருப்பத்துலயும் அவரு உடம்பே குறுக்க வருது, நடக்குறப்ப ஒரு பக்கம் போனா பாடுது திரும்பி வந்தா நிக்குதுன்னா அதான். ஃபோன ஸ்பீக்கர் பக்கத்துல ஒரு நிழலான இடத்துல வச்சுட்டு நடக்கச் சொல்லுங்க. புளூடூத்ல பாட்ட சுருக்கி அனுப்புறதுக்கு பல முறை இருக்கு, ஆண்ட்ராய்டுல புளூடூத் செட்டிங்ஸ்ல எல்டாக்ங்குற முறை ஓடிக்கிட்டு இருந்தா அத அணைச்சு சாதா எஸ்பிசி முறைக்கு மாத்துங்க, எல்டாக் உச்சத்துல 990 கிலோபிட் கேக்கும், எஸ்பிசிக்கு 328 போதும், திறந்த மாடில அந்த வித்தியாசம் காதுக்கு தெரியாது, பாட்டு நிக்குறது நல்லாவே தெரியும். ஃபோனோட வைஃபைய 5 ஜிகா ஹெர்ட்ஸ்ல சேத்துடுங்க, புளூடூத்தும் 2.4 வைஃபையும் ஒரே அலைவரிசைல அடிச்சுக்குறது குறையும். பழைய ஃபோன் ஒண்ணு சும்மா கிடந்தா அத படிக்கட்டு ரூம்ல ஸ்பீக்கர் பக்கத்துலயே வச்சு, ஸ்பாட்டிஃபை கனெக்ட் மாதிரி வசதில கீழ இருந்து உங்க ஃபோன்ல பாட்டு மாத்தலாம். ஆனா வெயில்ல 24 மணி நேரமும் சார்ஜ்ல விடாதீங்க, பேட்டரி உப்பிடும்.

சத்தம் பத்தியும் ஒரு வார்த்தை. வெளில சுவரு கிடையாது, சத்தம் திரும்பி வராது, தூரம் ரெண்டு மடங்கானா சத்தமும் 6 டெசிபல் குறையும். அதனால ஒரு மூலைல வச்சு முழு வால்யூம்ல வைக்காம, அப்பா நடக்குற பாதைக்குக் கிட்ட வைங்க, கம்மி சத்தத்துலயே தெளிவா கேக்கும், பக்கத்து வீட்டுல பரிட்சைக்குப் படிக்குற பிள்ளைக்கும் தொந்தரவு இருக்காது. காலைல 6 மணிக்கு முன்னாடி வெளில ஸ்பீக்கர் போடாம இருக்குறது நல்லது, சத்தக் கட்டுப்பாட்டு விதிகள்ல ராத்திரி 10ல இருந்து காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கிக்குத் தடை இருக்கு.

உங்களுக்கு நான் சொல்ற வரிசை இது. நாளைக்கு சாயங்காலம் ரவுட்டர ஷோகேஸ விட்டு வெளிய எடுத்து உயரத்துல வைங்க, ஒரு ஆன்டெனாவ படுக்கப் போடுங்க, சேனலும் அதோட அகலம் 20ம் பாத்துடுங்க. எக்ஸ்டெண்டர முதல் மாடி லேண்டிங்குக்கு இறக்குங்க. மறுநாள் காலைல அப்பா நடக்குற நேரத்துக்கு மாடிக்குப் போயி, ஸ்பீக்கர் இருக்குற இடத்துல ஃபோன வச்சு நம்பர எழுதிக்கோங்க, மோட்டார் போடுறதுக்கு முன்னாடி ஒண்ணு, டேங்க் நிறைஞ்சப்புறம் ஒண்ணு. கொல்லைல பின்வாசல் கதவு திறந்து ஒண்ணு, சாத்தி ஒண்ணு. அந்த நாலு நம்பரையும், டேங்க் படிக்கட்டு ரூமுக்கு எந்தப் பக்கம் இருக்குங்குறதையும் சொல்லுங்க, கேபிள் வேணுமா வேணாமா, வேணும்னா எந்த வழியா இழுக்கலாம்னு நான் சொல்றேன்.